கொல்லைப்புறத்துத் தவளைகளும் கோடை மழையும்

(மூன்றாம் ஆண்டு சிவில் பிரிவு மாணவி)

முன்னுரை



தவளை என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, வெளியுலகம் தெரியாதவரைக் 'கிணற்றுத் தவளை' என்று திட்டுவது. மற்றொன்று, 'தவளை தன் வாயால் கெடும்' என்ற பழமொழி. இரண்டுமே தவளைக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல!

நாம் படிப்பதோ கான்கிரீட், சர்வே, மோட்டார், லேத். தவளைக்கும் பாலிடெக்னிக் மாணவருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. தவளையின் வாழ்க்கை முழுவதுமே ஒரு தண்ணீர்க் கணக்கு. எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது? பள்ளத்தில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது? அது எத்தனை நாளில் வற்றும்? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால்தான் ஒரு தவளைக் குடும்பம் பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்ல முடியும். இது நம் பாடம்தானே?

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்த மேகம் பெய்யும், எந்த மேகம் ஏமாற்றும் என்று தெரியும். 'தவளை கத்தினா உடனே மழை' என்று சொல்லிக் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்லும். அப்பத்தா சொன்னதையும் புத்தகம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

நம் மாவட்டத்து மழை

விருதுநகர் மாவட்டம் 1985-ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிறது. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் மலை மறித்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழை நமக்கு அதிகம் எட்டுவதில்லை. ஆனி, ஆடியில் நமக்கு வருவது காற்றும் புழுதியும்தான். பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதற்கு முன்னால் பங்குனிக் கடைசியிலும் சித்திரை, வைகாசியிலும் சாயங்கால நேரத்தில் இடி மின்னலோடு வருவதுதான் கோடை மழை.

கோடை மழைக்கு நம்பிக்கை கிடையாது. சாத்தூரில் கொட்டும், சிவகாசியில் ஒரு சொட்டு விழாது. ஒரே ஊரில் மேலத்தெரு நனையும், கீழத்தெரு காயும். நான்கைந்து மாத வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் தண்ணீர் அதுதான். மண்ணுக்குள் காத்திருக்கும் உயிர்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் வெளியே வருகின்றன.

இந்த வறட்சிதான் நம் பகுதிக்குத் தொழிலையும் கொடுத்தது. 1922-ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய தாள் காய வேண்டும். காற்றில் ஈரம் குறைந்த இந்தக் கரிசல் பூமி அதற்குப் பொருத்தமாக அமைந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் இப்படித்தான் இங்கே வேரூன்றின. ஆகவே நம் ஊரில் மழையை எதிர்பார்ப்பவர்களும் உண்டு, மழைக்குப் பயப்படுபவர்களும் உண்டு. தவளை முதல் கட்சி.

தவளைக்கு மழை ஏன் வேண்டும்?

காரணங்கள் மூன்று.

முதலாவது, அதன் தோல். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகத்தான். நீரை உள்ளே விடும் தோல், வெயிலில் நீரை வெளியேயும் விட்டுவிடும். அதனால்தான் கோடையில் தண்ணீர்ப் பானைக்கு அடியில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால், விறகுக் கட்டுக்குக் கீழே என்று ஈரம் தேடி ஒண்டிக் கிடக்கிறது. குடத்தை நகர்த்தும்போது 'சீ' என்று துரத்துகிறோமே, அது நம்மிடம் வந்தது தண்ணீர் குடிக்கத்தான்.

இரண்டாவது, அதன் முட்டை. கோழி முட்டைக்கு ஓடு உண்டு, பல்லி முட்டைக்கும் ஓடு உண்டு. தவளை முட்டைக்குக் கிடையாது. வெறும் வழுவழுப்பான கூழுக்குள் கறுப்புப் புள்ளி போல இருக்கும். ஈரம் போனால் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

மூன்றாவது, அதன் குஞ்சு. தலைப்பிரட்டை மீனைப் போலச் செவுள் கொண்டு மூச்சு விடுகிறது. பின்னங்கால், முன்னங்கால் முளைத்து, வால் சுருங்கி, நுரையீரல் வேலை செய்யும் வரை அது தண்ணீரை விட்டு வர முடியாது.

அப்படியானால் வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கும் கண்மாயிலேயே முட்டையிடலாமே? அங்கே மீன் இருக்கிறது. மழை பெய்து புதிதாக உண்டாகும் குட்டையில் மீன் இராது. அந்தக் குட்டை சீக்கிரம் வற்றிவிடும் என்பதுதான் ஆபத்து. ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் வெயில். பல தவளைகள் வெயிலோடு பந்தயம் கட்டுவதையே தேர்ந்துகொண்டிருக்கின்றன.

அப்பத்தா சொன்ன 'தவளை கத்தினா மழை' என்பதற்கும் காரணம் உண்டு. மழைக்கு முன்னால் காற்றில் ஈரம் கூடுகிறது. தோல் காயும் பயம் இல்லாததால் ஆண் தவளைகள் வெளியே வந்து கத்தத் தொடங்குகின்றன. கத்துவது ஆண்தான். தொண்டையின் கீழுள்ள பை பலூன் போல உப்பி ஒலியைப் பெருக்குகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு குரல். பெண் தவளை தன் இனத்துக் குரலைக் கேட்டுத் தேடிப் போகிறது. வாயால் கெடும் என்கிறோம். அந்த வாய் இல்லாவிட்டால் அதற்கு வம்சமே இல்லை!

நம் கொல்லையில் யார் யார்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புத்தகத்தில் 'தேரை' என்றால் உடம்பெல்லாம் சொறி சொறியாக, தத்தித் தத்திப் போகும் பிராணி. எங்கள் தெருவில் அதைச் 'சொறித்தவளை' என்பார்கள். சுவரேறிக் குளியலறை மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான மரத்தவளையைத்தான் 'தேரை' என்பார்கள். நான் இங்கே புத்தக முறைப்படி எழுதுகிறேன்.

1. தேரை: வீட்டைச் சுற்றி அதிகம் காண்பது இதுதான். கண்ணுக்குப் பின்னால் இரண்டு தடித்த சுரப்பிகள் உண்டு. நாய் கவ்வினால் அதிலிருந்து வெண்ணிற நச்சுப் பால் வரும். நாய் நுரை தள்ளி விட்டுவிடும். தொட்டால் மரு வரும் என்பது தவறு. முட்டைகளை ஆயிரக்கணக்கில், பாசிமணி கோத்தது போல இரட்டைச் சரமாக இடும். குஞ்சுகள் கன்னங்கரேல் என்று கூட்டமாகத் திரியும். தரைக்கு வர ஐந்து வாரமோ அதற்கு மேலோ ஆகும். இதன் பேரினத்துக்கு 2006-ஆம் ஆண்டு 'டட்டாபிரைனஸ்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். நம் நாட்டுத் தவளை ஆய்வாளர் சுசீல் குமார் தத்தாவின் பெயரால் வந்தது அது.

2. பெருந்தவளை: கண்மாய், வயல், கிணற்றடியில் இருக்கும் பெரிய பச்சைத் தவளை. மழை பெய்து இனம் சேரும் நாளில் ஆண் தவளை மஞ்சள் நிறமாக மாறிவிடும். குரல்பை இரண்டும் நீலமாக இருக்கும். இதன் தலைப்பிரட்டை மற்றத் தலைப்பிரட்டைகளைப் பிடித்துத் தின்னும். ஒரு காலத்தில் இதன் கால்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1987-இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

3. மரத்தவளை: விரல் நுனியில் வட்டமான ஒட்டுப்பட்டை உண்டு. தண்ணீருக்கு மேலே தொட்டிச் சுவரிலோ செடியிலோ சோப்பு நுரை போலக் கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். குஞ்சு பொரிந்ததும் நுரை கரைந்து கீழே தண்ணீரில் விழும். இது வளர்ந்து முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் வரை பிடிக்கும்.

4. குறுவாய்த் தவளை: கட்டை விரல் நுனி அளவுதான், இரண்டரை சென்டிமீட்டர். சத்தமோ தெருவுக்கே கேட்கும். சீப்பின் பல்லை நகத்தால் உரசியது போலிருக்கும். இதன் தலைப்பிரட்டை கண்ணாடி போல உள்ளே தெரியும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் தவளையாகிவிடும்.

5. உருண்டைத் தவளை: பலூன் போன்ற உடம்பு, குட்டைக் கால். பின்னங்காலில் மண்வெட்டி போன்ற ஒரு மேடு உண்டு. அதனால் பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். கறையான் தின்று வாழும். பலத்த மழை விழுந்த ராத்திரி மேலே வந்து, கத்தி, முட்டையிட்டு, மறுபடி மண்ணுக்குள் போய்விடும்.

மழை விட்ட மறுநாள் ஈசல் பறக்கும். நம் வீடுகளில் ஈசலைப் பிடித்து வறுத்துப் பொரி அரிசியோடு தின்பது உண்டு. அதே ஈசல்தான் தவளைகளுக்கும் விருந்து. பல மாதப் பட்டினியை அவை ஒரே ராத்திரியில் தீர்த்துக்கொள்ளும்.

மண்ணுக்குள் வாழ்ந்து மழைக்கு மட்டும் மேலே வரும் அதிசயத் தவளை ஒன்று நம் மாவட்ட மலையிலேயே இருக்கிறது. 2003-இல் கேரளத்தில் பன்றி மூக்குத் தவளை என்னும் ஊதாத் தவளையைக் கண்டு உலகமே வியந்தது. அதன் உறவினம் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்திலிருந்து 2017-இல் புதிய இனமாக விவரித்தார்கள். 2014-இல் மறைந்த ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். கேரளத் தவளை தென்மேற்குப் பருவத்தை ஒட்டி இனப்பெருக்கம் செய்கிறது. நம் மலைச்சரிவுத் தவளையோ வடகிழக்கு மழையில் இனப்பெருக்கம் செய்கிறது. ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கம், இரண்டு மழை, இரண்டு நாட்காட்டி!

குட்டை எத்தனை நாள் நிற்கும்?

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

20 அடிக்கு 15 அடி மாடி என்றால் 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர். 25 மி.மீ. மழை பெய்தால் 28 x 25 = 700 லிட்டர். கொல்லையில் 6 அடிக்கு 4 அடி, 1 அடி ஆழத்தில் ஒரு பள்ளம் இருந்தால் அதன் கொள்ளளவு 24 கன அடி, சுமார் 680 லிட்டர். ஆக, ஒரே ஒரு நல்ல கோடை மழையில் மாடித் தண்ணீரால் அந்தப் பள்ளம் நிறைந்துவிடும்.

ஆவியாதலும் மண் உறிஞ்சுவதும் சேர்ந்து ஒரு நாளைக்கு 1 செ.மீ. குறைவதாக வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. தண்ணீர் 30 நாள் நிற்கும். குறுவாய்த் தவளைக் குஞ்சு தப்பிக்க வழியுண்டு. தேரைக் குஞ்சுக்கு ஐந்து வாரம் வேண்டும். இன்னும் ஐந்து நாள் குறைகிறது. அந்த ஐந்து நாளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் சேற்றில் காய்ந்துவிடும்.

ஆனால் நடுவில் ஒரு தூறல் விழுந்தால்? 5 மி.மீ. தூறல் என்றால் மாடியிலிருந்து 140 லிட்டர். அது பள்ளத்தில் 6 செ.மீ. உயரும். ஆறு நாள் ஆயுள் கூடும். தேரைக் குஞ்சு கரையேறிவிடும்! நாம் 'இதெல்லாம் ஒரு மழையா?' என்று அலட்சியமாகச் சொல்கிற தூறலில் எத்தனை உயிர் இருக்கிறது பாருங்கள்.

தண்ணீர் வற்றுவது தெரிந்தால் வேகமாக வளரும் தலைப்பிரட்டைகளும் உலகில் உண்டு. அமெரிக்கப் பாலைவனத்து மண்வெட்டிக்கால் தவளைகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். அவசரமாக வளர்ந்தால் உடம்பு சிறுத்துத்தான் வெளியே வரும். அரைகுறைச் சாப்பாட்டில் சீக்கிரம் வேலைக்குப் போன பிள்ளை மாதிரி!

மழையும் கூலியும்

இங்கே எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா பயர் ஆபீசில் சரம் பின்னுகிறாள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. இடி மின்னல் வந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது வெடிபொருள் விதி. நல்ல விதிதான், உயிரைக் காப்பது. ஆனால் வெளியே வந்த நேரத்துக்குக் கூலி இல்லை. மருந்து காயாத நாளிலும் வேலை இல்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் மேகம் கறுத்தபோது நான் சந்தோஷப்பட்டதைப் பார்த்து அம்மா சொன்னாள்: "மழை வந்தா ஒன் தவளைக்குக் கல்யாணம் பாப்பா. எனக்கு அன்னைக்குக் கூலி கட்டு."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் பின்னிய சரத்தில்தான் என் பஸ் பாஸும் டிராயிங் ஷீட்டும் வருகின்றன. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "பெய்யட்டும். கெணத்துல தண்ணி ஊறும்ல." குழாய்த் தண்ணீருக்கு நாள் எண்ணுகிற தெருவில் மழை வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு நாள் கூலி போகும், ஒரு மாதத் தண்ணீர் வரும். நாமும் தவளையைப் போலத்தான், மழையை வைத்துத்தான் பிழைப்பைக் கணக்குப் பார்க்கிறோம்.

தலைப்பிரட்டையும் தைராய்டும்

தலைப்பிரட்டை தவளையாவது எப்படி? 1912-இல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார். அவை நாள் வருமுன்னே குட்டித் தவளைகளாக மாறின. பிறகு ஆலன் என்பவர் தலைப்பிரட்டையின் தைராய்டை நீக்கிப் பார்த்தார். அவை வளர்ந்துகொண்டே போயின, தவளையாகவே இல்லை! வால் சுருங்கவும் கால் முளைக்கவும் தைராய்டு சுரப்பு வேண்டும், அதற்கு அயோடின் வேண்டும் என்பது இப்படித் தெரிந்தது.

இதற்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பட்டாசில் பயன்படும் உப்புகளில் ஒன்று பெர்குளோரேட். அது தண்ணீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டி நிற்காது, ஓடும் நீரோடு போய்விடும். தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். 2002-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள் பெர்குளோரேட் கலந்த நீரில் ஆப்பிரிக்கத் தவளைக் குஞ்சுகளை வளர்த்தபோது முன்னங்கால் வருவதும் வால் சுருங்குவதும் தடைப்பட்டன. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிவகாசிப் பகுதி நிலத்தடி நீரிலும் பெர்குளோரேட் இருப்பது தெரிய வந்தது.

தொழிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தொழிலில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். ஆனால் தலைப்பிரட்டை நீந்துகிற தண்ணீரும் நாம் கிணற்றில் இறைக்கிற தண்ணீரும் ஒரே மண்ணின் தண்ணீர். நமக்கும் தைராய்டு உண்டு. மருந்து கழுவிய நீரை ஓடையில் விடாமல் தனித் தொட்டியில் தேக்குவது தவளைக்காக மட்டும் செய்கிற காரியம் அல்ல. கெமிக்கல் பிரிவு நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டுகிறேன்.

உலகம் சொல்லும் பாடம்

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்ற சிறிய நாடு உண்டு. அங்கே மான்டிவெர்டே மலையில் தங்க நிறத் தேரை ஒன்று வாழ்ந்தது. வருடமெல்லாம் மண்ணுக்குள் இருந்துவிட்டு, கோடை முடிந்து முதல் மழை விழும் சில வாரங்கள் மட்டும் வெளியே வரும். 1987-இல் 1500-க்கும் மேற்பட்ட தேரைகள் வந்தன. மழை பொய்த்துக் குட்டைகள் வற்றின, முட்டைகள் காய்ந்தன. 1989-இல் ஒரே ஒரு ஆண் தேரையைக் கண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. 2004-இல் அந்த இனம் அழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. வறட்சியோடு தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

2023-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு 8011 இருவாழ்விகளைக் கணக்கில் எடுத்து, நூற்றுக்கு 40.7 இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன என்றது. நம் கொல்லைத் தேரை அந்தப் பட்டியலில் இல்லை. அது எங்கும் காணப்படும் சாதாரணப் பிராணி. 'எங்கும் இருக்கிறதுதானே' என்பதால்தான் அது இருக்கும் இடத்தை நாம் ஒவ்வொன்றாக மூடி வருகிறோம்.

எங்கள் வீட்டு எஸ்டிமேட்

எப்படி மூடுகிறோம்? சிமெண்ட் போட்டு!

இந்த வருடம் அப்பா கொல்லைப்புறம் முழுவதும் தளம் போட முடிவு செய்தார். மழைக்குச் சேறாகிறது, தேள் வருகிறது, அப்பத்தா வழுக்கி விழுந்துவிடும் என்ற பயம். நியாயமான காரணங்கள். "நீதான் சிவில் படிக்கிறியே பாப்பா, எவ்வளவு ஆகும்னு போட்டுக் குடு" என்றார். என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் எஸ்டிமேட் அது.

20 அடிக்கு 18 அடி, 360 சதுர அடி. 4 அங்குல கனம் என்றால் 120 கன அடி கான்கிரீட். கணக்குப் போட்டேன். ஆனால் இரண்டு கணக்காகப் போட்டேன். முதல் தாளில் முழுத் தளம். இரண்டாம் தாளில், சரிவு முடியும் மூலையில் 6 அடிக்கு 4 அடி மண்ணாகவே விட்டு, மாடிக் குழாயை அங்கே திருப்பிய தளம். 24 சதுர அடி என்பது மொத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான். 8 கன அடி கான்கிரீட் மிச்சம். முழுத்தளம் போட்டால் மாடித் தண்ணீர் அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகும். மண் மூலை விட்டால் கிணற்றுக்குப் போகும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இது அதன் சின்ன வடிவம்.

அப்பா இரண்டு தாளையும் பார்த்தார். "பாம்பு வந்தா யாரு பொறுப்பு?" என்றார்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்பது உண்மை. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் தவளை தேடி வரும், அவற்றுக்கு நஞ்சு இல்லை. நஞ்சுள்ளவையும் வரக்கூடும். ஆகவே பள்ளம் வாசற்படியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், பக்கத்தில் விறகோ செங்கலோ குவிக்கக் கூடாது, ராத்திரி டார்ச் இல்லாமல் போகக் கூடாது என்று தாளின் கீழேயே எழுதிக் கொடுத்தேன்.

அம்மா கொசுவைக் கேட்டாள். அதுவும் நியாயம். தவளை இருந்தால் கொசுவே இராது என்று சொல்ல மாட்டேன். தலைப்பிரட்டைகளில் பலவும் பாசி தின்பவை. டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் டயர், சிரட்டை, மூடாத சிமெண்ட் தொட்டி போன்றவற்றில்தான் முட்டையிடுகிறது. முதலில் அவற்றைக் கவிழ்க்க வேண்டும். பள்ளத்தில் தலைப்பிரட்டை இல்லாமல் கொசுப்புழு மட்டும் நெளிந்தால் தயங்காமல் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அப்பா கடைசியில் சொன்னது: "எட்டு கன அடி மிச்சம்ங்கிறியே, அதுக்காக விடுறேன். ஒரு வருசம் பாப்போம். சரிப்படலைன்னா மூடிருவேன்." இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை தள வேலை தொடங்கவில்லை. கூலி சேர வேண்டும். ஆனால் இரண்டாம் தாள்தான் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. கொல்லையில் தளம் போட்டால் ஒரு மூலையையாவது மண்ணாக விடுங்கள்.

2. பள்ளம் வெட்டினால் ஒரு பக்கம் சரிவாக வையுங்கள். செங்குத்தாக இருந்தால் குட்டித் தவளை ஏற முடியாது. சரிவு வைத்தால் கொள்ளளவு கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். சிறு குழந்தை உள்ள வீட்டில் சுற்றிலும் அடைப்பு அவசியம்.

3. அடியில் கண்மாய்க் களிமண்ணைக் குழைத்து மிதித்துவிட்டால் தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும்.

4. தொட்டி, உறைகிணறு இவற்றில் விழுந்த தவளை ஏறி வர ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள்.

5. மழை ராத்திரியில் ரோட்டில் தவளை குறுக்கே வரும். சைக்கிளோ வண்டியோ மெதுவாக ஓட்டுங்கள்.

6. காலிக் குலுங்கும் தேங்காயைப் பார்த்து 'தேரை மோந்துட்டுது' என்று தேரையை அடிக்காதீர்கள். மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துக் குறைவும்தான் அதற்குக் காரணம். தேரை பாவம், தென்னையடியில் ஈரத்துக்கு வந்து படுத்திருக்கிறது.

முடிவுரை

மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்த ஊர்கள் நம்முடையவை. மழைச்சோறு எடுத்துப் பகிர்ந்து உண்ட தெருக்கள் நம்முடையவை. வானத்திடம் மழையைக் கேட்கிற நாம், வந்த மழை தங்குவதற்கு ஓரிடம் வைத்திருக்கிறோமா என்று ஒருதரம் யோசிக்க வேண்டும்.

நாளைக்கு நம்மில் பலர் வீடு கட்டுவோம், ரோடு போடுவோம், ஆலைக்குப் பிளான் வரைவோம். அளவுநாடா நம் கையில் இருக்கும். மண்ணுக்கு எத்தனை அடி, சிமெண்டுக்கு எத்தனை அடி என்று முடிவு செய்கிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். அப்போது ஒரு மூலையில் 24 சதுர அடியைக் காலியாக விட்டுப் பிளான் போட்டால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த கோடை மழை விட்ட ராத்திரி ஜன்னலைத் திறந்து வையுங்கள். சத்தம் கேட்டால் உங்கள் கொல்லையில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.